மடப்பள்ளியில் ரப்பர் ஷூ

இங்கிலாந்தில் மின்பொறியியல் டிப்ளமோ படிக்கப் போன வெளிநாட்டு மாணவர்களுக்கு முதல் பருவம் முழுக்க ஒரே பாடம்தான்: சாகாமல் இருப்பது எப்படி. உள்ளூர்ப் பையன்கள் மோட்டாரைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தபோது, நாங்கள் மட்டும் ஒரு மூலையில் நின்று, ரப்பர் அடி வைத்த ஷூ, உலர்ந்த தரை, ஒரு கை முதுகுக்குப் பின்னால் என்று ஒப்பித்தோம். உங்கள் ஊரில் மின்விளக்கு உண்டா என்று பயிற்சி ஆசிரியர் என்னைக் கேட்டார். திருத்தணியில் மலை மேலேயே உண்டு என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதவரிடம் டிப்ளமோ வாங்குவதற்கும் ஒரு நடைமுறை உண்டு. வாயை மூடிக்கொண்டிருப்பது, கேட்டால் ஒப்பிப்பது.

இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தேன். ஆனியில் அக்கா கல்யாணம் நடந்தது. ஆடிக் கிருத்திகை வரை தங்கினேன். எங்கள் குடும்பத்துக்கு மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல் வேலை. அந்த ஆண்டு யாரோ ஒரு புண்ணியவான் மடப்பள்ளிக்கு மின்சார கிரைண்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். கல்லைவிட அதில் எழுதியிருந்த அவர் பெயர் பெரிதாக இருந்தது.

அப்பாவுக்கு, எங்கள் வீட்டு வழக்கில் நைனாவுக்கு, அதில் ஏகப்பட்ட பெருமை. “தொட்டா சுருக்குனு ஒதைக்குதுடா. முருகன், தூங்காதே, அரைன்றான்” என்றார்.

அதற்கு இணைப்புக் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியக்காரரின் மச்சானாம். கல்யாணப் பந்தலுக்கு சீரியல் பல்பு கட்டுகிறவர். கசிகிற மின்சாரத்தை ஆளின் உடம்பில் ஏறவிடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவது எர்த் கம்பி. தண்டச் செலவு என்று அதை அவர் விட்டுவிட்டாராம். ஈரம் ஏற ஏறக் கசிவு கூடும். கிருத்திகைக் கூட்டத்துக்கு இரவு பகலாக, ஈரத் தரையில் வெறுங்காலோடு, ஈரக் கையோடு நைனாதான் அரைக்கப்போகிறார்.

மறுநாள் கிரைண்டரைச் சோதிக்க ரப்பர் ஷூவோடு போனேன். மடப்பள்ளி வாசலிலேயே மணியக்காரர் கையை நீட்டி மறித்தார்.

“ஏம்பா, சீமைல சாமி கும்புடறதுக்கே பூட்ஸ் போட்டுகினு போவாங்களாமே. இங்க அது நடக்காது.”

“ஷூ இல்லாம ஈரத்துல நின்னு அதைத் தொட முடியாதுங்க. இல்லன்னா மெயினை நிறுத்துங்க.”

“ஆங், நிறுத்தலாமே. அதே லைன்லதான் மைக் செட்டு ஓடிகினு இருக்குது. பாட்டு நின்னா ஜனம் என்னையக் கேக்கும், உன்னையா கேக்கும்?”

உள்ளிருந்து நைனா வந்தார். “டேய், நான் தெனம் வெறுங்காலோட அரைக்கிறேன். எனக்கு இன்னா ஆச்சி?”

“இன்னும் ஆவல, நைனா.”

கீழே இறங்கி வீட்டுக்குப் போய், அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்த மணைப் பலகையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மலை ஏறினேன். காய்ந்த மரத்திலும் மின்சாரம் பாயாது; மரப் பலகைக்கு ஆகமத்தில் தடையும் இல்லை. மணியக்காரர் யோசித்துப் பார்த்தார். கையை இறக்கி வழிவிட்டார். நான் ஷூவைக் கழற்றிவிட்டுப் பலகை மேல் ஏறி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சமையல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

“மாப்ளை மணைல ஏறிட்டாரு. பொண்ணு எங்கப்பா?”

“அதோ நிக்குது பாரு கிரைண்டரு. கை வச்சா ஒதைக்கும்.”

சோதனை பல்பின் ஒரு முனையை மண்ணுக்குள் இறங்கும் இரும்புத் தண்ணீர்க் குழாயில் மாட்டி, மறு முனையை கிரைண்டர் உடம்பில் வைத்தேன். பல்பு மங்கலாகச் சிவந்தது; கசிவு கண்ணுக்கே தெரிந்தது. போதும், இனி யாரும் வாதாட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

“அட, லைட்டு எரியுதே!” என்றார் மணியக்காரர். “இங்க ஒரு பல்பு போடணும்னு ரொம்ப நாளா சொல்லிகினு இருக்கேன். தனியா லைன் இழுக்க வேணாம் போலக்குதே.”

அவரிடம் பேசிப் பயனில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். மோட்டார் ஓரத்தில் ஒயரை ஒட்ட வெட்டி, சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கிருத்திகை முழுக்க நைனாவும் மற்றவர்களும் ஆட்டுக்கல்லில் கையால் அரைத்தார்கள். “சீமைக்கு அனுப்பிப் படிக்க வச்சேன். எங் கைய கல்லுல கட்டிட்டான்” என்று காவடி எடுத்து வந்தவர்களிடம்கூட நைனா முறையிட்டார். என்னிடம் மட்டும் பேசவில்லை.

கூட்டம் வடிந்ததும் அரக்கோணத்தில் மூன்று கம்பி ஒயரும் செம்புக் கம்பியும் வாங்கி வந்தேன். மடப்பள்ளிக்குப் பின்னால் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் இறக்கி, கிரைண்டருக்குப் புது ஒயர் மாட்டினேன். மறுபடியும் சோதித்தபோது பல்பு எரியவில்லை. மணியக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

நைனா ஓடுகிற கிரைண்டர் மேல் கையை வைத்தார். எடுத்தார். தண்ணீரில் நனைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். எதையோ எதிர்பார்த்து வெகுநேரம் நின்றார்.

“ஒன்னியும் காணோமேடா” என்றார். “இருந்த சாமியையும் மண்ணுக்குள்ள எறக்கிட்டியே.”

மறு ஆண்டு டிப்ளமோ கிடைத்தது. மின்சாரத்தைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டேன் என்று பயிற்சி ஆசிரியர் கைகுலுக்கிப் பாராட்டினார். மலை மேல் அந்தப் பாராட்டுக்கு மதிப்பு இல்லை. தொண்டு கிழமாகும் வரை நைனா என்மேல் இதே குற்றத்தைத்தான் சாட்டினார். மடப்பள்ளிக்குள் எட்டிப் பார்த்த ஒவ்வொருவரிடமும், ஓடுகிற கிரைண்டர் மேல் ஈரக் கையை ஊன்றியபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.