எய்னார் வெட்டாத காடு

எங்கள் பள்ளத்தாக்கில் எய்னார் பிரெக்கேயைப் போல ஒரு வாழைப்பழச் சோம்பேறி இருந்ததில்லை. அவன் பெயரில் அரசாங்கம் ஒரு காட்டுக்குப் பலகை நட்டிருக்கிறது. நாள் முழுக்க மரம் வெட்டிய என் பெயரில் ஒரு முட்டுச்சந்துகூட இல்லை. வயிறு எரிகிறதா என்று கேட்டால், எரியத்தான் செய்கிறது.

நார்வேயிலிருந்து கப்பலேறி நியூசிலாந்துக்கு வந்த எங்களுக்கு அரசாங்கம் ஆளுக்கொரு துண்டு காடு கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான். காட்டை வெட்டி, எரித்து, புல் விதைக்க வேண்டும். அதற்குப் பெயர் நிலத்தைச் சீர்படுத்துவது. சீர்படுத்தாதவனின் நிலம் பறிபோகும். நாங்கள் சீர்படுத்தினோம். கோடை முழுக்கப் புகையில் சூரியனே தெரியவில்லை. மலை மலையாகக் கருகிய அடிமரங்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

எய்னார் மட்டும் தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து கோடாரியைத் தீட்டுவான். தீட்டி முடித்ததும் காபி குடிப்பான். காபி குடித்ததும் மழை வரும் போலிருக்கும்.

"எப்பய்யா வெட்டப் போறே?" என்று கேட்பேன்.

"அந்த மீரோ மரத்துல புறா பழம் தின்னுட்டு இருக்கு நீல்ஸ். அது முடிக்கட்டும்."

"புறா என்னிக்கு முடிச்சுது? அடுத்த வருஷமும் பழுக்கும், அதுவும் வந்து திங்கும்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

தீட்டித் தீட்டியே கோடாரி பாதியாகிவிட்டது. அவன் மனைவி சிக்னே அதில் மீன் நறுக்கினாள்.

கடைசியில் நில இன்ஸ்பெக்டர் வந்து, கோடை முடிவதற்குள் வெட்டாவிட்டால் வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று கெடு வைத்தார். சிக்னே என்னிடம் ஓடி வந்தாள்.

"நீல்ஸ் அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. இந்த மனுஷனால நடுத்தெருவுல நிக்கப் போறோம்."

என் கோடாரியோடு போனேன். நானே வெட்டித் தருகிறேன் என்றேன்.

"உனக்கெதுக்குச் சிரமம்?" என்று எனக்கும் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிட்டான்.

கெடு முடிந்த அன்று இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். அதே நேரம் இன்னொரு குதிரை வண்டியும் வந்தது. உள்ளே தொப்பி வைத்த கனவான்கள், ஒரு புகைப்படப் பெட்டி. எல்லாம் எரிந்து முடிந்த பிறகுதான் அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்து, மிச்சமிருக்கும் அழகான காடுகளைக் காப்பாற்ற ஒரு குழு போட்டிருந்தது. கரிமலைகளையே பார்த்து வந்த குழுத்தலைவர், எய்னாரின் காட்டைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஊரே வெட்டினப்போ நீங்க மட்டும் எப்படிய்யா காப்பாத்துனீங்க?"

"சோம்பல்தாங்க."

"ஆகா! என்ன அடக்கம்!"

இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார். "இந்த ஆள் காட்டை வெட்டலை. அதனால நிலத்தை அரசாங்கம் எடுத்துக்குது."

"இவர் காட்டை வெட்டலை! அதனாலதான் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கணும்!" என்றார் தலைவர்.

இது தண்டனையா கௌரவமா என்று எய்னாரின் மேசையிலேயே உட்கார்ந்து, அவன் காபியையே குடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

"எப்படிப் பார்த்தாலும் என் நிலம் போயிடுதே?" என்றான் எய்னார்.

"ஆமா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எய்னாரின் முகம் செத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். அப்போது சிக்னே மீன் நறுக்கிய கையோடு அடுக்களையிலிருந்து வந்தாள்.

"காட்டுக்குக் காவலுக்கு ஆள் வேணும்ல? மரத்தைத் தொடாம இருக்கறதுல இவரை மிஞ்ச ஒருத்தன் இருக்கானா? சொல்லுங்க பார்ப்போம்."

அப்படித்தான் எய்னார் தன் வீட்டிலேயே, தன் நிலத்துக்கே, அரசாங்கக் காவல்காரன் ஆனான்.

அதற்குப் பிறகு சோம்பேறியைக் காணோம். உல்லாசப் பயணம் வந்த சீமாட்டிகள் தொப்பியில் செருகப் பெரணி இலை பறித்தால், எய்னார் புதருக்குள்ளிருந்து பாய்வான். அவன் பசு காட்டுக்குள் மேய்ந்ததற்கு அதையே நாடு கடத்தி என் வயலில் கொண்டுவந்து கட்டினான். விழுந்த கிளையும் காட்டுக்கே சொந்தமாம். ஆகவே குளிர்காலத்தில் விறகுக்கு என்னிடம் வந்து நின்றான்.

"காட்டுக்குள்ள உக்காந்துகிட்டு என்கிட்ட விறகு கேக்கறியே, வெக்கமா இல்ல?"

"உன்கிட்டதானே வெட்டின மரம் இருக்கு, நீல்ஸ்."

ஒருமுறை கேட்டேவிட்டேன். "நிஜத்தைச் சொல்லுடா. ஏன் வெட்டலை?"

மீரோ மரத்தை அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். "சோம்பல்தான்." மடையன் நான், நம்பினேன்.

அந்த மரத்தடியில் புதைக்கச் சொல்லிவிட்டுச் செத்துப்போனான். இழவுக்குக் குழுத்தலைவர் வந்தார். சிக்னேயைவிட அதிகமாக அழுதார். ஆனால் காட்டுக்குள் மண்ணைத் தோண்டக் கூடாது என்றார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்க. ஆறடி தரக்கூடாதா?" என்றாள் சிக்னே.

"எய்னாரே சம்மதிக்க மாட்டாரும்மா."

அதுதான் உண்மை. பசு வந்த வழியிலேயே எய்னாரும் என் நிலத்துக்கு வந்து சேர்ந்தான். மொட்டை மலை. அவன்மேல் விழ ஒரு கை நிழல் இல்லை. எனக்கு அன்று அவமானமாக இருந்தது.

அவன் சிலுவையில் புறாக்கள் வந்து உட்கார்ந்து எச்சமிடும். சில வருஷம் கழித்து அந்த இடத்தில் ஒரு மீரோ கன்று தலைகாட்டியது. சீர்படுத்திய நிலத்தில் மரம் முளைப்பது விவசாயிக்குக் கேவலம். கோடாரியை எடுத்துவந்து தீட்ட உட்கார்ந்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் சிக்னே நின்று பார்த்தாள். தீட்டி முடித்தேன். ஒரு காபி குடித்தேன். மழை வரும் போலிருந்தது.

இப்போது அது முழங்கால் உயரம். ஏன் இன்னும் வெட்டவில்லை என்று என் மகன்கள் கேட்கிறார்கள்.

சோம்பல்தான் என்கிறேன்.