துண்டில் இருந்த சிவப்பு

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மளிகைச் சாமான் சீட்டு எழுதிப் பழகிய கை. பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். காசநோய் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லின் விருந்தினர் விடுதியில் நான் சமையல்காரன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். மனைவி செல்லத்தாய். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டால் அது அவள் சத்தம்தான்.

1995 ஐப்பசி மழையில் அவளுக்கு இருமல் வந்தது. மழை நின்றும் இருமல் நிற்கவில்லை. பொழுது சாயும்போது உடம்பு கதகதவென்று சுடும், விடியும்போது வேர்த்து நனைந்திருப்பாள். ஒருநாள் கொடியில் காய்ந்த துணியில் துருப்பிடித்த மாதிரி ஒரு கறை பார்த்தேன். கேட்டதற்கு, “வெத்தலைக் கறை” என்றாள். அவள் வெற்றிலை போடுகிறவள் அல்ல.

மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சளிப் பரிசோதனை செய்தார்கள் (காலையில் எழுந்ததும் காறித் துப்பும் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது). நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வலது பக்கம் மேலே பஞ்சு ஒட்டின மாதிரி இருந்த இடத்தைக் காட்டினார். பஞ்சாலையில் இருபது வருஷம் சோறு தின்றவன் நான். அந்தப் பஞ்சைப் பார்க்க மாட்டாமல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

“ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது. முழுசாச் சாப்பிட்டா சரியாகிரும்” என்றார். என் சளியையும் பார்த்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை.

மாத்திரையில் ஒன்று ரிஃபாம்பிசின் (கிருமியைக் கொல்வது, சிறுநீரைச் செங்கல் நிறத்துக்கு மாற்றும்). இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அல்லது சொன்னது என் காதில் ஏறவில்லை. முதல் நாள் அவள் கொல்லைப்புறத்திலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, “என்னங்க, அடியிலயும் ரத்தம் போகுது” என்றாள். வாடகை சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அது மாத்திரை நிறம் என்று நர்ஸ் சொன்ன பிறகும் என் பயம் முழுதாக இறங்கவில்லை. அன்றிலிருந்து எங்கே சிவப்பைப் பார்த்தாலும் என் கண் அங்கேயே நின்றுவிடும்.

செல்லத்தாயின் அக்கா, எனக்கு மதினி, பேச்சியம்மாள் மம்சாபுரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினார். நல்ல மனுஷி. ஆனால் எங்கள் பக்கம் உடம்புக்கு என்ன வந்தாலும் முதலில் பத்தியம்தான். அவரும் அதைத்தான் செய்தார். உப்பு பாதி. புளி, காரம், எண்ணெய் கிடையாது. கத்தரிக்காய் கிடையாது. மோர் குளிர்ச்சி. பருப்பு வாய்வு. மிச்சம் இருந்தது நொய்க்கஞ்சி மட்டும்.

மாத்திரை குமட்டும், கஞ்சி இறங்காது. இறங்கியது கொஞ்ச நேரத்தில் வெளியே வரும். சிலர் முட்டையும் ஆட்டுக்கால் சாறும் கொடு என்றார்கள். செல்லத்தாய் சின்ன வயதிலிருந்தே கவிச்சி தொடாதவள், முட்டை வாசத்துக்கே வயிற்றைப் புரட்டும். ஊரார்க்கெல்லாம் வயிறு நிறைய ஆக்கிப்போட்டுவிட்டு ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வருவேன். வீட்டில் என் மனைவி முக்கால் தம்ளர் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வளையல் முழங்கை வரை தானாக ஏறியது. மதினியிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லப்போய், காரம் கொடுத்து, இருமல் கூடி, ரத்தம் வந்துவிட்டால்?

இரண்டாம் மாதம் எடை பார்த்தபோது முள் முன்னைவிட இறங்கித்தான் நின்றது. டாக்டரம்மா அவள் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், மஞ்சள் இருக்கிறதா என்று. இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

“என்ன சாப்பிடுதாங்க?”

“பத்தியக் கஞ்சிங்க.”

“பத்தியமா? நான் சொன்னேனா?”

செல்லத்தாய்தான் சொன்னாள்: “எங்க அக்கா சொன்னா டாக்டரம்மா. அவ படிக்காத டாக்டரு.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “எடை இப்படியே இறங்கினா மாத்திரையை உடம்பு தாங்காது. புரதம் வேணும் (சதை வளர்க்கும் சத்து). முட்டை வேண்டாம்னா பருப்பு, கடலை, சோயா குடுங்க. நாக்கு கேக்குற ருசியில குடுங்க. காரம் வயித்துக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது.”

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அவளிடம் கேட்டேன், என்ன திங்கணும்போல இருக்கு என்று.

“என்னமும் சுருக்குனு இருக்கணும். நாக்கு செத்துக் கெடக்கு. கொரியாக்காரருக்கு என்னமோ பண்ணிக் குடுப்பீகளே, அதுதான் மனசுல வருது.”

அதற்கு முந்தின வருஷம் மில்லில் புது மெஷின் பூட்ட கொரியாவிலிருந்து கிம் என்று ஒருவர் வந்து எங்கள் விடுதியில் தங்கியிருந்தார். விடுதியில் சைவம் மட்டும். நாலு நாள் சாம்பாரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர், ஐந்தாம் நாள் பெட்டியிலிருந்து சிவப்பு விழுது அடைத்த ஒரு டப்பாவோடு அடுப்படிக்கே வந்துவிட்டார். மிளகாயையும் சோயா மொச்சையையும் அரிசியையும் சேர்த்துப் புளிக்கவைத்த விழுது. காரம், இனிப்பு, புளிப்பு மூன்றும் ஒரே வாயில் தெரியும். கறிக்குப் பதில் மீல்மேக்கர் உருண்டையைக் காட்டினேன் (எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது). பிழிந்து பார்த்துத் தலையாட்டினார். நான் தீயைக் குறைத்தால் கையைத் தட்டிவிட்டு, “குயிக், குயிக்” என்பார். டப்பா காலியான பிறகு அந்த ருசியை நம்மூர்ச் சாமானில் கொண்டுவரப் பழகினேன். அதைத்தான் செல்லத்தாய்க்கு ஒரு தடவை கொண்டுவந்து கொடுத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்தேன். உங்களுக்கும் உதவும், சொல்கிறேன். உப்புப் போட்ட வெந்நீரில் மீல்மேக்கரை ஊறவைத்து ஒட்டப் பிழிந்து இரண்டாக நறுக்க வேண்டும். வற்றல் மிளகாயை விதை தட்டி வெந்நீரில் போட்டு, பூண்டு, இஞ்சி, கொஞ்சம் வெல்லம், ஒரு கரண்டி புளித்த இட்லி மாவோடு அரைக்க வேண்டும். கிம் சாரின் விழுதில் உள்ள புளிப்பும் கெட்டியும் அந்த மாவில் வரும். சட்டி நன்றாகக் காய்ந்ததும் முட்டைக்கோஸை வதக்கி, விழுதும் மீல்மேக்கரும் போட்டு, சோயா சாஸ் ஊற்றிப் பெரிய தீயில் பிரட்ட வேண்டும். கடைசியில் வறுத்துப் பொடித்த எள்ளும் பச்சை நல்லெண்ணெயும். சோறு வடிந்து முடிவதற்குள் ஆகிவிடும்.

நெடி எழும்பியதும் மதினி ஓடிவந்தார். “தம்பி, என்ன வேலை இது? நெஞ்சுல புண்ணு உள்ளவளுக்கு மிளகாயா? கொன்னுபோட்டுருவீக போல.”

“டாக்டரம்மா சொன்னாக, மதினி.”

“டாக்டரம்மாவா வந்து அழப்போறாக?”

நான் கரண்டியை வைத்துவிடத்தான் பார்த்தேன். செல்லத்தாய் உள்ளேயிருந்து, “ஏக்கா, சாகுறதா இருந்தா உன் கஞ்சியக் குடிச்சு ஏன் சாகணும்? சட்டியக் கொண்டாங்க” என்றாள்.

கதவுப் பக்கம், காற்று வரும் இடத்தில் உட்கார வைத்தோம். ஒரு வாய் சோற்றோடு பிசைந்து தின்றாள். மூக்கில் நீர் வந்தது. இன்னொரு வாய். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மூன்றாம் வாயில் இருமல் பிடித்தது. சாதாரண இருமல் அல்ல, உடம்பு முழுவதையும் தூக்கிப்போடும் இருமல். துண்டை வாயில் வைத்து அழுத்தினாள். மதினி தலையில் கை வைத்துக்கொண்டார். இருமல் அடங்கித் துண்டை எடுத்தபோது அதில் சிவப்பு இருந்தது.

துண்டை வாங்கிக்கொண்டு நான் முற்றத்து வெயிலுக்குப் போனேன். நான்தான் கொடுத்தேன், என் கையால் கொடுத்தேன் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. வெயிலில் விரித்துப் பார்த்தேன். ரத்தமா மிளகாயா என்று பார்க்கப் பார்க்கத் தெரியவில்லை. கண்ணை நம்ப முடியாமல் மூக்குக்குக் கொண்டுபோனேன். பூண்டும் எள்ளும் வாசம் அடித்தது.

“என்ன மோந்து பாக்கீக? அதென்ன மல்லியப் பூவா?” என்றாள் செல்லத்தாய், கதவுப் பக்கத்திலிருந்து.

மதினிதான் முதலில் சிரித்தார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டே, “எனக்கும் கொஞ்சம் போடுங்க, அப்படி என்னதான் இருக்குனு பாப்போம்” என்று தட்டோடு உட்கார்ந்தார். செல்லத்தாய் அன்று இரண்டாம் முறை சோறு வாங்கினாள். நான் திரும்பி நின்று சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த சட்டி.

அதற்குப் பிறகு எடை முள் மெதுவாக ஏறியது. மாத்திரை முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்றார்கள். மதினி ஊருக்குப் போனார்.

ஆனால் என் உடம்பு பழைய உடம்பு இல்லை. நோய் வந்தது அவளுக்கு, காது நீண்டது எனக்கு. முன்பு மில் சங்கு ஊதினால்தான் எனக்குப் பொழுது. இப்போது ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவில் உள்ளதுதான் பொழுது. அவள் இருமினால் என் கை இருந்த இடத்தில் நின்றுவிடும். அது அவளுக்கும் தெரியும். அதனால் தாளிக்கும்போது நெடியில் இருமினால், நான் கேட்பதற்கு முன்னே அடுப்படியிலிருந்து சத்தம் கொடுப்பாள்: “மிளகாதான், வேற ஒண்ணுமில்ல!” ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வார்த்தையில்தான் எனக்கு மூச்சு.

இன்று காலையும் இருமினாள். “மிளகாதான், வேற ஒண்ணுமில்ல” என்றாள். எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை.

நாளை காலை சளி கொடுக்கப் போகிறோம். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். மத்தியானத்துக்கு அதே பிரட்டலைச் செய்தேன், வட்டிலை வழித்துத் தின்றாள். அவள் தூங்குகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரு வருஷமாக எழுத நினைத்துக் கூச்சத்தில் தள்ளிப்போட்டது. இன்று சும்மா உட்கார முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்,
14.9.1997, ஞாயிற்றுக்கிழமை.