கருமாதி சாமானுக்கு இரட்டைப் புள்ளி

பாச்சாங்கில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு ஆன்லைன் கடை எழுதிக் கொடுத்தது நான்தான். நன்றாகத்தான் ஓடியது. அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் வாடிக்கையாளர் கணக்கில் புள்ளி ஏறுகிற திட்டத்தையும் இணைத்துத் தருகிறேன் என்று நானாகப் போய் நின்றேன்.

இணைத்து முடித்த அன்று அக்கா கேட்டார். "ஏன் தம்பி, எல்லாச் சாமானுக்குமா மெசேஜ் போவும்?"

"எல்லாத்துக்கும்தான்கா. ஆர்டர் முடிஞ்சா ஆட்டோமேட்டிக் லா. நீங்க ஒன்னும் செய்ய வேணாம்."

ஏன் கேட்கிறார் என்று யோசிக்கவே இல்லை. அந்தக் கடையில் உட்கார்ந்துதான் வேலை செய்தேன். கண் எங்கே போயிற்றோ! குத்துவிளக்கு வாங்குகிறவரிடம் "மறுபடியும் வாங்க" என்று வாய் நிறையச் சொல்லும் அக்கா, கருமாதி சாமான் வாங்குகிறவரிடம் பையைக் கொடுத்ததும் திரும்பி ஊதுபத்தி அடுக்க ஆரம்பித்துவிடுவார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. இது எனக்குத் தெரியாதா என்ன?

பாயா ரும்புட்டில் ஓர் அண்ணன், மனைவியின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கருமாதி செட் ஆர்டர் செய்தார். கணக்கு மனைவியின் கைப்பேசியில் இருந்ததால் அதிலிருந்தே செய்திருக்கிறார். சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த ஹாலில், அந்த அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் சத்தம் போட்டது. மகள் எடுத்து வாசித்தாளாம்: "வாழ்த்துகள்! இதே பொருளை மீண்டும் வாங்கினால் இரட்டைப் புள்ளி. விரைவில் வருக!"

பக்கத்தில் பட்டாசுப் படம் வேறு போட்டிருந்தேன். சீ!

விஷயம் தெரிந்ததும் அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடையைச் சாத்திவிட்டு, "காடிய எடு தம்பி, அவங்க வீட்டுக்குப் போவணும்" என்றார்.

அந்த அண்ணன் முன்னால் என்னால் தலை நிமிர முடியவில்லை. வெட்கத்தில் காது கொதித்தது. "மன்னிச்சிருங்கண்ணே, தப்பு என்னோடதுதான்" என்றேன்.

"வுடுங்க தம்பி. மெஷினுக்கு என்னா தெரியும்? நல்லது கெட்டது மனுசனுக்குத்தான லா தெரியும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எங்களுக்குக் காப்பியும் கொடுக்கச் சொன்னார். இவ்வளவு பெரிய மனசா என்று நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று.

கிளம்பும்போது அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ச் செருப்பை மாட்டினார். நான் வாசலில் நின்று, இரண்டு கையையும் கூப்பி, அத்தனை மரியாதையாகச் சொன்னேன்: "அப்ப போய்ட்டு வரேண்ணே."

மகள் சட்டென்று என்னைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, மனைவியின் படத்தைப் பார்த்தார். அக்கா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். காடியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். இந்தத் தடவை பழி போட மெஷின்கூட இல்லை.