ஹாம் போட்டு அனுப்பியவள்

கிளிஃப் டாஸ்கர் செத்த அன்று அவன் வீட்டில் பதினேழு பவுண்டுதான் இருந்தது. இங்கிலாந்தின் ஹல் நகரத்து வடகோடி அரசுக் குடியிருப்பில் அது அதிசயமில்லை. ஆனால் அங்கே சாவுக்கென்று ஒரு நீதி உண்டு. அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு ஹாம் போட வேண்டும். உப்பிட்டு வேகவைத்த பன்றித்தொடையைத் தடிமனாக அரிந்து ரொட்டிக்கு நடுவே வைத்துத் தர வேண்டும். வெறும் முட்டை ரொட்டியோடு அனுப்பினால், "பாவம், அந்த மனுசன ஹாம்கூட இல்லாம புதைச்சாங்க" என்று பத்து வருடம் பேசுவார்கள். முப்பது வருடம் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கி முதுகு போனபோது, கிளிஃப் சாப்பிட்டானா என்று கேட்க ஒருவரும் வந்ததில்லை. செத்த பிறகுதான் அவன் மரியாதை ரொட்டிக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது.

அவன் மனைவி லோர்னா பள்ளிச் சமையலறையில் வேலை செய்தாள். யாரிடம் கேட்பது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் டேரன் ஹோல்ராய்ட் வந்து கதவைத் தட்டினான். அவளோடு வேலை பார்த்தவளின் மகன். சின்ன வயதில் பாதி நாள் இவள் வீட்டில்தான் கிடப்பான். இப்போது கையில் வெள்ளை லில்லிப் பூக்கள்.

"ஆன்ட்டி, கிளிஃப் அங்கிள ராஜா மாதிரி அனுப்பணும். நானூறு இருக்கு, வச்சுக்கோங்க."

"எப்படா திருப்பித் தரணும்?"

"நமக்குள்ள என்ன ஆன்ட்டி? முடியறப்பக் குடுங்க."

கிளிஃப்பை ஹாம் போட்டு அனுப்பினாள். தட்டுகளில் மிச்சம்கூட இருந்தது. எதிர்வீட்டுக்காரி கையைப் பிடித்து, "நல்லபடியா செஞ்சிட்டே, லோர்னா" என்றாள். அந்த ஒரு வார்த்தையை லோர்னா பல மாதம் மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியறப்ப" என்பது மூன்றே வாரத்தில் முடிந்தது. நானூறு அறுநூறானது, ஒரு தவணை தவறியதும் தொள்ளாயிரம். பிறகு அவள் பேங்க் கார்டையும் ரகசிய எண்ணையும் வாங்கிக்கொண்டான். "என்கிட்டப் பத்திரமா இருக்கும் ஆன்ட்டி, உங்களுக்கு அலைச்சல் மிச்சம்." சம்பளம் விழும் நாளில், கடைத்தெருவில் இருக்கும் பணம் எடுக்கும் மெஷின் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டோடு நிற்பான். அவனிடம் கடன் வாங்கிய பெண்கள் வரிசையில் நிற்பார்கள். நூற்றெழுபது பவுண்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை லோர்னாவின் கையில் எண்ணி வைப்பான். அவள் "தேங்க்ஸ் கண்ணு" என்பாள். தன் சம்பளத்தைத் தானே வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றியும் சொன்னாள், மூன்று வருடம்.

முன்பணம் போட்டால்தான் எரியும் மின்சாரம் மாதக் கடைசியில் அணைந்துவிடும். இரண்டு ஸ்வெட்டர், மேலே கிளிஃப்பின் கோட்டு. பள்ளியில் பிள்ளைகள் தொடாமல் வைத்த உருளைக்கிழங்கைக் கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி நின்று தின்பாள். டேரன் இரண்டாவது கார் வாங்கினான்.

நான்காம் வருடம் வசந்தத்தில் போலீஸ்காரர்கள் அவன் வீட்டைச் சோதனை போட்டார்கள். பதினொரு கார்டுகள் கிடைத்தன. உரிமமில்லாமல் வட்டிக்கு விடுகிறவர்களைப் பிடிக்கும் அரசின் கள்ளக் கடன் பிரிவிலிருந்து நஸ்ரீன் என்ற அதிகாரி லோர்னாவைத் தேடி வந்தாள். சமையலறை மேசையில் கார்டின் படத்தை வைத்தாள்.

"இது உங்களோடதுதானே, மிசஸ் டாஸ்கர்?"

"ஆமா. கடைக்குப் போயி சாமான் வாங்கிட்டு வரக் குடுத்தேன்."

"மூணு வருசமா வாங்கிட்டு வர்றானா?"

லோர்னா தேநீரைக் கலக்கினாள். சர்க்கரை போடவே இல்லை.

"பயப்படாதீங்க. அவனுக்கு உரிமமே இல்ல. சட்டப்படி நீங்க ஒரு பென்னிகூடத் தர வேண்டாம். நானூறு வாங்குனீங்க, ஆறாயிரத்துக்கு மேல குடுத்திருக்கீங்க. நடந்தத எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"தர வேண்டாம்னா?"

"அது கடனே இல்லைன்னு அர்த்தம்."

அந்த இடத்தில்தான் லோர்னா உள்ளுக்குள் ஒடுங்கினாள். கடனே இல்லையென்றால் அந்த நானூறு என்ன? பிச்சையா? திருட்டுப் பணமா? அப்படியானால் கிளிஃப்பை மண்ணில் வைத்தது எதைக் கொண்டு? வாங்கினாள், கட்டினாள், அதனால் அந்த ஹாம் அவளுடையது. அதையும் இந்தப் பெண் பிடுங்கப் பார்க்கிறாள்.

"நாங்க வாங்குனதத் திருப்பிக் குடுக்கறவங்க, கண்ணு," என்றாள். "எங்க வீட்டுக்காரரு யாருக்கும் பாக்கி வைக்காமப் போனவரு. டேரன் நல்ல பையன். டீ ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்பு."

ஏழைக்கு மானம் பெரிது என்று மெச்சாதவர்கள் இல்லை. அந்த மானத்தைக் காட்டித்தான் அவளைக் கொள்ளையடித்தார்கள். கொள்ளைக்காரனுக்கு மானம் கிடையாது. அதனால் அவனை அப்படிப் பிடிக்கவும் முடியாது.

பதினொரு பேரில் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. சாட்சி போதாது என்று வழக்கைக் கைவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை டேரன் வந்தான். இம்முறை பூ இல்லை.

"வக்கீலுக்கு ஆனத எல்லாருக்கும் பிரிச்சிருக்கேன் ஆன்ட்டி. உங்க பங்கு முந்நூறு."

"நான் உன்னக் காட்டிக் குடுக்கலையேடா!"

"அதனாலதான் முந்நூறு. காட்டிக் குடுத்திருந்தா பணமாவா கேட்டிருப்பேன்?" சிரித்தான். "பேங்க்ல புதுக் கார்டு அனுப்பியிருப்பாங்களே?"

உறையைக்கூடப் பிரிக்காமல் எடுத்துவந்து கொடுத்தாள். அவனே பிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை லீட்ஸிலிருந்து மகள் கெர்ரி போன் செய்தாள். மழை, பேரன் பல், பஸ் கட்டணம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. லோர்னா இடையில் வெட்டினாள்.

"கெர்ரி, நான் செத்தா ஹாம் போடாதே."

"என்னம்மா பேச்சு இது?"

"எரிச்சிட்டு நேரா வீட்டுக்குப் போ. யாருக்கும் ஒரு பிஸ்கட்டுகூடக் குடுக்காதே. சத்தியம் பண்ணு."

கெர்ரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நாலு பேரு என்னம்மா சொல்லுவாங்க?"