ஆணை இல்லாத மூன்று ஆண்டுகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழை நான்கு நாள் கொட்டி ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி எங்கள் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு விருந்தினர் இல்லம் உண்டு. பதவி உயர்வுக் கோப்புகளைப் பார்க்க எங்கள் மூன்று பேரை அங்கே அனுப்பியிருந்தார்கள். கல்லூரியிலேயே உட்கார்ந்து பார்த்தால் ஆளாளுக்கு வந்து காதைக் கடிப்பார்கள் என்பதால் இந்த ஏற்பாடு.

நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவர். கண்டிப்பானவள் என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, பொய் சொல்வானேன்? முதலாண்டுப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: ஆதாரம் இல்லாமல் சொன்னால் அது கதை, வரலாறு இல்லை.

காலையில் கார் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போதே எனக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது. வயல்களெல்லாம் தண்ணீர். வானம் மேலேயும் இருந்தது, கீழேயும் கிடந்தது. வேடந்தாங்கல் பக்கமிருந்து வந்த பறவைக் கூட்டம் ஒன்று காருக்கு மேலே அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு போனேன்.

எங்கள் கல்லூரியின் விதியைச் சொல்லிவிடுகிறேன். பகுதி நேர ஆசிரியர் முழு நேரப் பதவிக்கு உயர மூன்று தடவைதான் விண்ணப்பிக்கலாம். மூன்றாவதும் போனால் ஆயுசுக்கும் பகுதி நேரம்தான். வகுப்புகளைக் குறைத்து வேறு பணி கொடுத்திருந்தால் அந்த ஆண்டுகளும் பதவி உயர்வுக்கான அனுபவக் கணக்கில் சேரும். ஆனால் துறைத் தலைவர் அதை எழுத்தில் ஆணையாகக் கொடுத்திருக்க வேண்டும். ஆணை இல்லையென்றால் அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருந்ததாகத்தான் அர்த்தம்.

விண்ணப்பம் நேராக அலுவலகத்துக்குப் போய்விடும். யாருடையது என்று எங்களுக்குத் தெரியக்கூடாது. பெயர், துறை, கையெழுத்து எல்லாவற்றின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டி, எண் மட்டும் போட்டு, அலுவலக உதவியாளர் எடுத்து வருவார். அன்றும் அவர்தான் வந்திருந்தார்.

பதினோராவது கோப்பு என் கைக்கு வந்தது. மேல் மூலையில் 'மூன்றாம் முறை' என்று முத்திரை. உள்ளே, 'மாற்றுப் பணி: மாணவர் உதவி, மூன்று ஆண்டுகள்' என்று ஒரு வரி. ஆணையைத் தேடினேன், இல்லை. பின்னால் தடியாக ஏதோ இணைப்பு இருந்தது. அதைப் புரட்டவில்லை. 'ஆதாரம் இல்லை. இந்த ஆண்டுகளைக் கணக்கில் கொள்ள இயலாது' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மதியம் வஞ்சிரக் குழம்புச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு மணலில் கொஞ்ச தூரம் நடந்தேன். அலுவலக உதவியாளர் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மேடம், செவப்பு பேனாவுக்கு இன்னிக்கு ஓவர்டைம் போல கீது?"

"ரூல்ஸுன்னு ஒண்ணு கீதுல்ல?" என்றேன்.

"கீது மேடம், கீது. நான் இன்னா சொல்லப் போறேன், பேப்பர் ஒட்டறவன்" என்று கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒட்டிய தாளுக்குக் கீழே இருக்கும் பெயர்கள் அவருக்குத் தெரியும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வராந்தாவில் ஒரு சாய்வு நாற்காலி. ஐந்து நிமிடம் என்று சாய்ந்தேன். அலை வருகிறது, போகிறது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த அலைச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. யாரோ எதையோ நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கல்லூரியின் கீழ்த்தளத்துக் கடைசி அறை வாசலில் நான் நிற்கிறேன். அறைக்குள் கணுக்கால் அளவுக்குக் கடல் தண்ணீர். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஏழு பிள்ளைகள் முகத்தைச் சற்று உயர்த்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "மிஸ், அந்த லைன் இன்னொரு வாட்டி" என்கிறான் ஒருவன். அவள் மறுபடியும் வாசிக்கிறாள். அத்தனை அமைதியாக இருந்தது அந்த அறை. உள்ளே போய் உட்கார ஆசைப்பட்டேன்.

அப்போது என் குரலே எனக்குக் கேட்டது.

"எனக்கும் உனக்கும் நடுவுல பேப்பர் இன்னாத்துக்கும்மா? நான் சொல்றேன்ல, பாத்துக்க."

திடுக்கிட்டு எழுந்தேன். அந்தப் பேச்சு கனவு இல்லை, நடந்தது. ஒரு வருடம் எங்கள் துறையில் பார்வையற்ற மாணவர்கள் ஏழு பேர் சேர்ந்தார்கள். பாடம் வாசித்துக் காட்ட, தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஆள் பிடிக்க, யாராவது பொறுப்பேற்க வேண்டும். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் பகுதி நேர ஆசிரியை ஒருத்தி இருந்தாள். அவளுடைய வகுப்புகளைப் பாதிக்கும் கீழே குறைத்து, இந்த வேலையை அவள் தலையில் வைத்தது நான்தான். "ஒரு ஆர்டர் மாதிரி எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும் மேடம்" என்று அவள் கேட்டதற்குத்தான் அந்தப் பதில். பிள்ளைகள் படித்து முடித்துப் போனார்கள். நானும் மறந்தேன்.

ஓடிப்போய்ப் பதினோராவது கோப்பின் இணைப்பைப் புரட்டினேன். எந்தத் தேதி, எந்தத் தேர்வு, யாருக்கு யார் எழுதினார்கள் என்று மூன்று வருடத்துப் பட்டியல். என்ன பாடம் எத்தனை பக்கம் வாசித்தாள் என்று நாள்வாரியாகக் குறிப்பு. இதை வைத்துக்கொண்டுதான் ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

குழுத் தலைவர் கணிதத் துறை மூத்த பேராசிரியர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆர்டர் இல்லன்றது உண்மைதானே மேடம்? உங்களுக்காக ரூலை வளைச்சா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"வளைக்க வேணாம் சார். குடுக்க வேண்டியவ நான். வாயால சொல்லி வேலை வாங்கினு, ஆர்டர் குடுக்காம விட்டது என் தப்புன்னு எழுதித் தரேன். எழுத்துல வந்துட்டா சரிதானே?"

"அது உங்க சர்வீஸ் ரிஜிஸ்டர்ல ஏறும். அடுத்த வருஷம் துணை முதல்வர் லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு. யோசிச்சுக்குங்க."

உடனே எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் யோசித்தேன். துணை முதல்வர் அறை, அதன் வாசலில் என் பெயர்ப் பலகை எல்லாம் கண்முன் வந்து போயின. இந்த அறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது, இப்படியே விட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வெளியே கடல் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. குழுவின் மூன்றாவது ஆள், ஆங்கிலத் துறை ஆசிரியை, ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்கு முழு நேரப் பதவி வந்தது. அடுத்த வருடம் எனக்குத் துணை முதல்வர் பதவி வரவில்லை. பதவி உயர்வு ஆணையில் என் கடிதத்தைப் பற்றிக் குறிப்பிட்டிருந்ததால் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் என் அறைக்கு வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து, அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று நான் தயாராகவும் இருந்தேன்.

"மேடம், ரெண்டு வாட்டி என் ஃபைலைத் திருப்பி அனுப்புனாங்க. ரெண்டு வாட்டியும் நீங்க இந்த ரூம்லதான் இருந்தீங்க."

"ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாம்லம்மா?"

"மொத வாட்டி கேக்கத்தான் வந்தேன். நீங்க யார்கிட்டயோ போன்ல, 'எவிடென்ஸ் இல்லாம எங்கிட்ட வராதீங்க'ன்னு சொல்லிகினு இருந்தீங்க. அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

நான் தயார் செய்து வைத்திருந்ததைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். மன்னிச்சிடும்மா என்றேன். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். மன்னித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதன் பிறகு எந்தக் கோப்பில் ஒரு காகிதம் குறைந்தாலும், அதை வாங்கி வைக்கத் தெரியாதவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கொடுக்க வேண்டியவர் யார் என்று தேடிப் போகிறேன், போகிற இடத்தில் பெரும்பாலும் என்னைப் போல் நல்ல மனதோடு மறந்துபோன ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.