‘முளைக்கவில்லை’ என்று எழுதச் சொன்னவர்

பில்லிங் கவுன்டரைத் திறந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் அந்தச் செய்தி வந்தது. லேபிலிருந்து இன்டர்காமில் அழைத்த டெக்னீஷியன், "அண்ணா, நம்ம மேடம் போயிட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். எங்கள் லேபின் நுண்ணுயிரியல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற ராஜேஸ்வரி மேடம், காய்ச்சலோடு எங்கள் மருத்துவமனையிலேயே ஐ.சி.யு.வில் இருந்தார். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க எடுத்த கல்ச்சர் இன்னும் முடியவில்லை. அவர் போய்விட்டார், அவர் ரத்தம் இருந்த கல்ச்சர் புட்டி லேபில் இருந்தது.

உடலை எடுத்துச் செல்லும் முன் அவர் மகள் அனு என்னிடம் வந்தார். "கல்ச்சர் ரிப்போர்ட் வந்தா எனக்குச் சொல்லிப்போடுங்கண்ணா. காய்ச்சல் வந்ததும் அம்மாவைக் கூட்டிட்டு வராம, ஆன்டிபயாடிக் மாத்திரை குடுத்து ஊட்டுலயே வெச்சிருந்தேன். என்னாலதானான்னு தெரியோணும்" என்றார். சரி என்றேன்.

மேடத்துக்கும் எனக்கும் இருந்தது நட்பு என்று சொன்னால் அவரே மறுப்பார். பெரும்பாலும் சண்டைதான். கல்ச்சருக்கு ஒரு பில்லிங் கோட். கிருமி வளர்ந்தால், அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க வேறு கோட். காப்பீட்டுக் கம்பெனி எல்லாவற்றையும் முதலிலேயே கேட்கும். நாங்கள் மேடத்தைக் கேட்போம். "இன்னும் ஒண்ணுமே வரலைங்க. வராததுக்கு எந்த மருந்தைப் போட்டுப் பாக்கறது? தெரியாதுங்க" என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் அவர் குடியிருந்த கணபதிப் பகுதியின் தமிழ். இரண்டிலும் கோபம் ஒரே மாதிரி வரும்.

பில்லிலும் ரிப்போர்ட்டிலும் கோட் எண்ணுக்குப் பக்கத்தில் தமிழிலும் ஒரு வரி இருக்கட்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்த சமயம் அது. மென்பொருள்காரர்கள் ஆங்கிலத்தை அப்படியே தமிழாக்கி அனுப்பினார்கள். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் ஒரு பெண், கைக்குழந்தைக்குச் சிறுநீர்க் கல்ச்சர் எடுத்திருந்தார். ரிப்போர்ட்டை வாங்கியவர் கவுன்டர் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, வளர்ச்சி இல்லைன்னு போட்டிருக்குதுங்களே. பாப்பா இனி வளராதுங்களா?"

நல்ல செய்திதான் அது. குழந்தைக்குக் கிருமித் தொற்று இல்லை. நாங்கள் நான்கு பேர் நான்கு விதமாக விளக்கினோம். "நெகட்டிவ்" என்று ஒருவன் சொல்ல, அவர் அழுகை இன்னும் கூடியது. கடைசியில் மேடத்தைக் கூப்பிட்டோம். கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்.

"அம்மணி, பாப்பாவோட மூத்திரத்தை எடுத்து, வெதை போடற மாதிரி தட்டுல போட்டு வெச்சோம். கிருமி இருந்தா முளைச்சிருக்கும். முளைக்கலை. பாப்பா நல்லா வளரும், எந்திரிங்க."

அந்தப் பெண் எழுந்தார். மேடம் அதே வேகத்தில் என் பக்கம் திரும்பி, "இந்த வரியை எவன் எழுதினது? கிருமி முளைக்கவில்லைன்னு மாத்துங்க" என்றார். நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. மருத்துவமனை ரிப்போர்ட்டில் ‘முளைக்கவில்லை’ என்றால் விதைக்கடை ரசீது மாதிரி இருக்கிறது என்றார்கள். மேடமோ, வரி மாறும்வரை எந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். வார்டிலிருந்து ஆளாளுக்குத் திட்டினார்கள், நானும் திட்டினேன். வரி மாறியது.

எப்போதும் அவர்தான் சரி என்றும் இல்லை. ஒருமுறை ஒரு நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருப்பதாக அவர் சொல்லி, வார்டில் மருந்தும் ஆரம்பித்துவிட்டார்கள். ரத்தம் எடுக்கும்போது தோலிலிருந்து ஒட்டிய கிருமி அது என்று மறுநாள்தான் தெரிந்தது. வார்டுக்கு அவரே நடந்துபோய்ச் சொன்னார். பிறகு என் கவுன்டருக்கு வந்து, வரிசையில் நின்றவர்கள் காது கேட்க, "அவசரப்பட்டுப்போட்டேனுங்க. பில்லுல இருந்து அந்த ரெண்டாவது கோடை எடுத்துருங்க" என்றார். அன்று அவரை எனக்குப் பிடித்தது.

மேடத்தின் ரத்தக் கல்ச்சர் ரிப்போர்ட், அவர் காரியம் எல்லாம் முடிந்த பிறகு வந்தது. கிருமி எதுவும் முளைக்கவில்லை. பிரின்ட் எடுத்துக்கொண்டு கணபதியில் இருந்த மேடம் வீட்டுக்குப் போனேன். அனு வாசலிலேயே வாங்கிப் படித்தார். முகம் தெளிந்தது.

"அப்ப நான் லேட் பண்ணதால இல்லைங்களா அண்ணா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். நான் டாக்டர்கூட இல்லை, பில் போடுகிறவன். ஆனால் அத்தனை வருடம் மேடத்தோடு சண்டை போட்டதில் ஒரு விஷயம் எனக்கும் தெரிந்திருந்தது. மாத்திரை சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தில், கிருமி இருந்தாலும் முளைக்காமல் போகலாம்.

"இது அதைச் சொல்லாதுங்க அம்மணி. உங்களாலன்னும் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது. மாத்திரை உள்ள போனதுக்கப்புறம் எடுத்த ரத்தம்."

அனு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப தெரியவே தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

இதைப் படிப்பவர்களில் மேடத்தை அறிந்தவர்கள் ஆளுக்கொன்றை அவரிடமிருந்து எடுத்து வைத்திருப்பீர்கள். எனக்கு மிஞ்சியது இந்தத் ‘தெரியாதுங்க’தான். அவரைப் போல எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் மகளிடமாவது அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.