நாற்காலியில் இருந்து இறங்காத பூனை

"...கதையும் வேணாம் ஒண்ணும் வேணாம் மிஸ். தண்ணி புடிக்கப் போனா, எம் பொண்ண 'திருட்டுப் பூன வருது'ன்றாங்க. நான் வேல செய்யற அபார்ட்மெண்ட் கேட்ல டெய்லி பைய தொறந்து காட்டிக் காட்டி ஜிப்பே போயிடுச்சு. அது போதாதா எங்களுக்கு? இனிமே இவ இங்க வரமாட்டா."

மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி, செருப்பைக் கழற்றாமல் அந்த அம்மா வாசலிலேயே நின்றார்.

நீலசந்திரா பகுதியில் ஒரு மாடி அறையில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு சேர்ந்து கதை படிக்கிறேன். டீச்சருக்குப் படித்தவள் இல்லை நான்; பேசத் தெரியும், அவ்வளவுதான். கதை முடிந்ததும் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பிள்ளை கதையில் வரும் ஆளாக நாற்காலியில் உட்காரும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். எழுந்திருக்கும்போது நாற்காலியின் முதுகில் ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டிவிட்டால் கதை ஆள் அங்கேயே தங்கிவிடுவார், பிள்ளை வெளியே வந்துவிடும்.

போன வாரக் கதையில், பால் காணாமல் போனதற்கு ஊரே ஒரு பூனையைத் திட்டும். பூனையாக உட்காரக் கை தூக்கியவள் இந்தப் பெண்தான். அதுவரை வகுப்பில் நான் அவள் குரலைக் கேட்டதே இல்லை. பாதிக் கேள்வியில் கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. எல்லாரும் குடம் தூக்க ஓடிவிட்டார்கள். அவளும்தான்.

"ஆன்ட்டி, நாங்க கிண்டல் பண்ணல," என்றான் ஒரு பையன், சுவரோடு ஒட்டிக்கொண்டு. "அவ இன்னும் நாற்காலிய தட்டவே இல்ல. அதான் பூனன்னு கூப்புட்டோம்."

"திருட்டுன்னு ஏன்டா சொன்னீங்க?" என்று மடக்கினார் அந்த அம்மா.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் வாயெடுத்தேன்; மணிக்கட்டில் அம்மாவின் பிடி இன்னும் இறுகுவதைப் பார்த்து மூடிக்கொண்டேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவள என்னதான் கேட்டீங்க?" என்றார் அம்மா.

"'பால எதுக்கு எடுத்த?'ன்னு கேட்டோம்."

"இவ என்ன சொன்னா?"

பையன் எச்சில் விழுங்கினான். "'நான் எடுத்தத யாருனா பாத்தீங்களா?'ன்னு எங்களையே திருப்பிக் கேட்டா ஆன்ட்டி. அப்பதான் லாரி வந்துடுச்சு."

அந்த அம்மா மகளின் முகத்தைத் திருப்பி, புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீயாடி கேட்ட?"

அவள் தலையாட்டினாள்.

அம்மாவின் கை மெல்லத் தளர்ந்தது. மகளை நாற்காலிப் பக்கம் லேசாகத் தள்ளிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கேள்வி கேட்கக் கையைத் தூக்கினார்.